பூப்பறிக்கப் போன இட்டேரி

நொச்சிக்காட்டுப்புதூரின் இட்டேரி ஒரு சனிக்கிழமை சாயங்காலம், சொசைட்டியில் பால் ஊற்றுகிற நேரத்தில், படுத்திருந்த இடத்தை விட்டு எழுந்து, கோகிலாவின் மகள் தர்ஷிகாவுக்குப் பின்னால் கன்றுக்குட்டிபோல நடந்து ஊருக்குள் வந்து சேர்ந்தது. வந்ததை ஊரே பார்த்தது, அதனால் அதில் சண்டை இல்லை. ஏன் வந்தது என்று கேட்டால்தான் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள், மழை என்றார்கள், பூமிக்கடியில் ஏதோ என்றார்கள், கோகிலாவை மட்டும் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் முந்தானை நுனியைத் திருகிக்கொண்டு தெரியலீங்க என்றுதான் சொல்லியிருப்பாள், நாலு பேர் முன்னால் வாய் திறக்கிற பெண் இல்லை அவள், ஆறாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள், ரேஷன் கடையில் எடை குறைந்தாலும் பையைச் சுருட்டிக்கொண்டு வந்துவிடுகிறவள். ஆனால் அவளுக்குத் தெரியும்.

இட்டேரி என்றால் வேறொன்றுமில்லை, இரண்டு தோட்டங்களுக்கு நடுவே, இரு பக்கமும் கிளுவை வேலி வைத்து, ஒரு மாட்டுவண்டி போகிற அகலத்துக்கு விட்டிருக்கிற மண்தடம். புதூர் இட்டேரி ஊர்க்கோடியில் தொடங்கும், வேலியில் கோவைக்கொடி ஏறியிருக்கும், பழத்துக்குக் கிளி வரும், அடியில் காடை குஞ்சு பொரித்திருக்கும், இப்படி வளைந்து வளைந்து போய்க் கரட்டடியில் முடியும். கரடு என்கிற அந்தச் சின்னக் குன்று முழுக்க ஆவாரம். மாட்டுப்பொங்கல் கழிந்த மறுநாள் பூப்பறிக்கிற நோம்பி. அன்றைக்கு ஊர்ப் பெண்டுபிள்ளைகள் எல்லாரும் கச்சாயமும் முறுக்கும் கரும்பும் கட்டிக்கொண்டு, கைக்குழந்தையை இடுப்பிலும் நடக்கிற குழந்தையைக் கையிலும் பிடித்துக்கொண்டு, இட்டேரி வழியே கரட்டுக்குப் போய்ப் பூப்பறித்து, உட்கார்ந்து தின்று, கும்மியடித்து, பொழுது சாய வீடு திரும்புவார்கள். புதூரில் பிறந்த பிள்ளை முதன்முதலாக ஊரைத் தாண்டித் தன் காலால் நடப்பது அன்றைக்குத்தான். கோகிலா பிறந்ததும் வாக்கப்பட்டதும் புதூரிலேயே, அவளும் அப்படித்தான் நடந்தாள். தர்ஷிகா நடக்கவில்லை. அவள் எழுந்து நின்று அடியெடுத்து வைத்த வருஷம்தான் இட்டேரிக்குக் கேட் போட்டார்கள்.

அதை யாரும் திருடவில்லை, ஊர்தான் தூக்கிக் கொடுத்தது, அதுதான் கோகிலாவுக்கு ஆறவேயில்லை. இரண்டு பக்கத்துத் தோட்டங்களையும் ஒரே ஆள் வாங்கிப் பண்ணை ஆக்கினார், நடுவில் கிடக்கிற தடத்தையும் விட்டுக்கொடுத்தால் ஊர்ப் பெண்களுக்கு வேலை தருகிறோம் என்றார்கள், தலைவர் நாச்சிமுத்து சமுதாயக்கூடத்தில் கூட்டம் போட்டு, "எல்லாரும் பைக்குல போறோம், இட்டேரியில எவன் நடக்கறான்" என்று கேட்டார், பைக் வைத்திருந்தவர்கள் எல்லாம் கை தூக்கினார்கள். இட்டேரியில் நடக்கிறவர்கள் அப்போது தாய்மாரின் இடுப்பில் தூங்கிக்கொண்டிருந்தார்கள், அவர்களின் கையை யாரும் எண்ணவில்லை.

அப்புறம் பண்ணை வாசலில் பேனர் வந்தது. குழந்தைகளோடு ஒரு கிராமத்து நாள். டவுனிலிருந்து கார் காராக வந்தார்கள், தொப்பியும் தண்ணீர் பாட்டிலுமாகக் குழந்தைகளை இறக்கி, டிக்கெட் வாங்கி, கையில் காகிதப் பட்டை கட்டிக்கொண்டு, இட்டேரியில் நடந்தார்கள், அதற்குப் பேர் இயற்கை நடை. கோகிலாவுக்கு அங்கே திருகைக்கல்லில் ராகி அரைக்கிற வேலை. அரைத்த மாவை யாரும் தின்பதில்லை, அரைக்கிறதைப் பார்ப்பதற்குத்தான் அவள். வழிகாட்டிப் பையன் குழந்தைகளை நிறுத்தி, "இந்த அக்கா வீட்டுல தினமும் இப்படித்தான் மாவரைப்பாங்க" என்பான். கோகிலா வீட்டில் மிக்ஸி இருந்தது. ஒருநாள் ஒரு குழந்தை, "உங்க வீட்டுல கரண்ட் இல்லையா ஆன்ட்டி" என்று பாவமாகக் கேட்டபோது அவள் சிரித்து வைத்தாள், சிரித்ததற்காகக் கல்லை அன்று முழுக்கக் கோபமாகச் சுற்றினாள்.

அந்தச் சனிக்கிழமை தர்ஷிகாவுக்குப் பள்ளிக்கூடம் லீவு. கோகிலாவின் புருஷன் சண்முகம் லாரியில் வடக்கே போயிருந்தான், விட்டுவர ஆளில்லாமல் பிள்ளையைக் கூடவே கூட்டிவந்து, பண்ணைச் சமையல்கூடத்துக்குப் பின்னால் உட்காரவைத்து, எந்திரிக்கக் கூடாது சாமி என்று சொல்லிவிட்டுக் கல்லுக்குப் போனாள். மழை பெய்து விட்டிருந்தது. ஐந்து வயசுப் பிள்ளை எவ்வளவு நேரம் சுவரைப் பார்க்கும். எழுந்து இட்டேரிக்குள் போயிருக்கிறது, ஈர மண்ணில் சிவப்பு வெல்வெட்டுத் துணியைக் கிள்ளிப் போட்டதுபோலப் பட்டுப்பூச்சி ஊர்ந்திருக்கிறது, குத்தவைத்துப் பார்த்திருக்கிறது. டவுன் குழந்தைகளும் வரிசையை விட்டு வந்து அதைச் சுற்றிக் குத்தவைத்துக்கொண்டார்கள். யாரோ ஒரு அம்மா, "இந்தப் பொண்ணும் ப்ரோகிராம்ல உண்டா?" என்று கேட்டாள். மேனேஜர் பிரசன்னா வேகமாக வந்தார். அவர் கத்துகிற ஆள் இல்லை, மெதுவாகத்தான் பேசுவார்.

"கோகிலா, ஸ்டாஃப் பசங்க இங்க வரக் கூடாதுன்னு சொல்லியிருக்கோம்ல. கெஸ்ட் எல்லாம் காசு குடுத்து வந்திருக்காங்க."

"செரிங்க."

"பாப்பா, கையில என்ன? அதைக் கீழ விட்டுட்டுப் போ. அது பண்ணையோடது."

தர்ஷிகா உள்ளங்கையிலிருந்த பூச்சியைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். கோகிலா இன்னொரு தடவை செரிங்க என்றாள். பூச்சி கையை விட்டு இறங்கி மண்ணுக்குப் போகிறவரை மேனேஜர் நின்று பார்த்தார். அந்த இரண்டாவது செரிங்க கோகிலாவின் தொண்டையில் மீன்முள்போல நின்றுகொண்டது, சாயங்காலம் வரை எச்சில் விழுங்கும்போதெல்லாம் குத்தியது.

வேலை முடிந்து பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு தார்ரோட்டில் வரும்போது பின்னால் சலசலவென்று சத்தம் கேட்டது. திரும்பினால் இட்டேரி. இரண்டு வேலிகளையும் காதுகளைப்போல மடக்கிக்கொண்டு, பள்ளமும் மேடும் வண்டித்தடமும் கிளிகளும் காடைகளுமாக, நனைந்த மண்ணின் வாசத்தோடு, வெட்கப்பட்டதுபோல ரோட்டின் ஓரமாகவே வந்தது. தர்ஷிகா நின்றால் நின்றது, நடந்தால் நடந்தது. டவுன் பஸ் வந்து நின்று ஹாரன் அடித்தது. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, "ஏனம்மா, கூட்டிட்டு வர்றதுன்னா ஓரமாக் கூட்டிட்டு வரோணுமல்லோ, டைம் ஆகுதில்ல" என்றார். கோகிலா பயந்துபோய் இட்டேரியைப் பார்த்து வா வா என்று கை காட்டினாள். அது தாண்டி முடிக்கிறவரை பஸ் காத்திருந்தது, கடைசி வளைவு தாண்டும்போது பஸ்ஸிலிருந்து ஒரு குழந்தை டாட்டா காட்டியது.

அவ்வளவு நீளமான தடம் புதூருக்குள் நேராகப் படுக்க இடமில்லை, அதனால் தண்ணீர் டேங்கைச் சுற்றி, ரேஷன் கடையைச் சுற்றி, லைன்வீடுகளின் பின்பக்கமாக வளைந்து, கோகிலா வீட்டு அடுப்படி வாசலில் தலையை வைத்துப் படுத்தது. முதல் நாள் எல்லாரும் வந்து பார்த்தார்கள். இரண்டாம் நாள் வேலியில் துணி காயப்போட்டார்கள். மூன்றாம் நாள் சண்டை வந்தது, இட்டேரி என் வாசலில் மட்டும் ஏன் படுக்கவில்லை என்று நாச்சிமுத்துவின் சம்சாரம் கேட்டாள், உங்க ஊட்டுக்காரர்தானக்கா அன்னிக்கு முதல் கையத் தூக்குனாரு என்று எவளோ சொன்னாள், ஒரு வாரம் பேச்சுவார்த்தை இல்லை. ஆட்டுக்குட்டிகள் கிளுவையைக் கடித்தன, காடை கூவித் தூக்கம் கெடுகிறது என்று நைட் ஷிப்ட் போகிறவர்கள் சடைத்துக்கொண்டார்கள், கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர்களுக்கு இட்டேரி வால்பக்கம் மூன்றாவது வீடு என்று அடையாளம் சொன்னார்கள். பெரியவர்கள் போனைப் பார்த்துக்கொண்டே அதைக் குறுக்கே தாண்டினால் அது சும்மா தெருதான். ஆனால் குழந்தைகள் ரேஷன் கடைப் பக்கம் நுழைந்தால் வெகுநேரம் கழித்துக் கோகிலா வீட்டு வாசலில் காலெல்லாம் புழுதியும் வாயெல்லாம் கோவைப்பழச் சிவப்புமாக வெளியே வந்தார்கள். சோற்றுக்கு அடம்பிடிக்கிற பிள்ளைகள் தட்டைத் துடைத்துச் சாப்பிட்டன. டிவி ரிமோட்டுக்கு அடித்துக்கொள்கிற பிள்ளைகள் பொழுது விழுந்ததும் அசந்து தூங்கின. தாய்மார்கள் ஒருத்தரையொருத்தர் பார்த்து, இதையா நாம விட்டுக்குடுத்தோம் என்று கேட்கவில்லை, கேட்கிறதுபோலப் பார்த்துக்கொண்டார்கள்.

பண்ணையில் இட்டேரி இருந்த இடம், சுவரில் படத்தைக் கழற்றிய இடம்போல வெளிறிக் கிடந்தது. டவுனிலிருந்து வந்தவர்கள் கேட்டார்கள், பணத்தைத் திருப்பித் தா என்றார்கள். மேனேஜர் புதூருக்கு ஜேசிபி அனுப்பினார். அது ஒரு கை அள்ளிப் பார்த்தது, அள்ளியது வெறும் மண், இட்டேரி அசையவில்லை. ஆனால் தர்ஷிகா சளி பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது ஆஸ்பத்திரி வாசல் வரை அது போய் வந்ததை ஊரில் பார்க்காதவர் இல்லை, அந்தச் செய்தி பண்ணைக்கும் போனது.

மார்கழி கடைசியில் சமுதாயக்கூடத்தில் மறுபடி கூட்டம். மேனேஜர் எல்லாருக்கும் டீ வரவழைத்திருந்தார்.

"நாங்க ஒண்ணும் தப்பா நினைக்கல" என்றார். "குழந்தை தெரியாம கூட்டிட்டு வந்திருச்சு. நோம்பி அன்னிக்கு கேட்டைத் திறந்து விடறோம். ஊரே வாங்க, சாப்பாடு எங்களோடது. பாப்பா முன்னால நடந்து வந்தா அதுவும் வந்துரும். உள்ள வந்ததும் பாப்பாவை அந்தப் பக்கக் கேட் வழியா அனுப்பிட்டு ரெண்டையும் சாத்திருவோம். வருஷா வருஷம் அந்த ஒரு நாள் உங்களுக்கு ஃப்ரீ."

"இதுக்கு மேல என்ன பண்ணுவாங்க" என்றார் நாச்சிமுத்து. கூட்டம் தலையாட்டியது.

"வரலைன்னா, வேலை குடுக்கறதுக்கு எங்களுக்கும் ஒரு காரணம் வேணுமில்லையா" என்று மெதுவாக முடித்தார் மேனேஜர்.

எல்லாரும் கோகிலாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் தூணோடு ஒட்டி நின்றாள். பக்கத்தில் நின்ற வசந்தாமணி விலாவில் இடித்தாள். வசந்தாமணி பண்ணையில் ஊருக்கே முதலாக வேலைக்குச் சேர்ந்தவள், டவுன்காரர்களுக்கு முறத்தில் புடைத்துக் காட்டுகிறவள், கோகிலாவுக்குப் பெரியப்பன் மகள், வாய் கொஞ்சம் ஜாஸ்தி.

"செரின்னு சொல்லு புள்ள. என்ற மவ நர்சிங் படிக்கறதே அந்தச் சம்பளத்துல. உன்ற மவ மண்ணுல வெளையாடறதுக்கு நாங்க வாயில மண்ணப் போட்டுக்கறதா?"

"இல்லக்கா."

"இல்லன்னா என்ன, செரியா?"

கோகிலா முந்தானை நுனியைத் திருகினாள். அவள் சும்மா நின்றால் செரி என்றுதான் அர்த்தம் என்று ஊருக்குப் பழக்கம், அப்படியே எழுதிக்கொண்டு டீ குடித்துக் கலைந்தார்கள். இராத்திரி சண்முகம் போனில், "என்ன புள்ள, உன்னையத்தான் ஊரே பேசுதாமா" என்று சிரித்தான்.

"நானு பேசலீங்க. அதான் பேசறாங்க."

"பேசேன். யாரு வாயக் கட்டுனா?"

போன் வைத்தபிறகும் அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. யார் மேல் என்று பார்த்தால் மேனேஜர் மேல், நாச்சிமுத்து மேல், வசந்தாக்கா மேல், கை தூக்கிய அத்தனை பேர் மேல், எல்லாருக்கும் மேலே தன் மேல். பெற்ற பிள்ளை கையிலிருந்த பூச்சியை இறக்கிவிடும்போது பக்கத்தில் நின்று செரிங்க என்று சொன்னவள். இப்போது அதே பிள்ளையின் காலாலேயே அந்தத் தடத்தை நடத்திக் கொண்டுபோய் அடைக்கப்போகிறார்கள், அடைத்துவிட்டு, வருஷத்துக்கு ஒரு நாள் போய்க்கொள் என்பார்கள், அதற்கு நன்றி வேறு சொல்ல வேண்டும்.

நோம்பியன்று ஊரே புறப்பட்டது. கச்சாயம், முறுக்கு, கரும்பு, புதுப் பாவாடை, பவுடர் முகம். தர்ஷிகா முன்னால், கோகிலா பக்கத்தில், பின்னால் சோம்பல் முறித்து எழுந்த இட்டேரி, அதற்குள் ஊர்க் குழந்தைகள் அத்தனையும், அதன் பின்னால் பெரியவர்கள். பிள்ளை ஒவ்வொரு செடிக்கும் நின்றது, ஒவ்வொரு தும்பிக்கும் உட்கார்ந்தது, ஊர்வலம் முழுக்க நின்றது, உட்கார்ந்தது. பண்ணை வாசலில் புதுப் பேனர், போட்டோக்காரர், மாலை. டவுன் குடும்பங்கள் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கு உள்ளே வரிசையாக நின்றன. மேனேஜர் குனிந்து, மஞ்சள் காகிதப் பட்டையை நீட்டினார்.

"பாப்பா, கையை நீட்டு."

தர்ஷிகா அம்மாவைப் பார்த்தாள். அன்றைக்குப் பார்த்த அதே பார்வை.

"நீட்டாத" என்றாள் கோகிலா.

சத்தம் வந்தது அவளுக்கே தெரியவில்லை, அவ்வளவு சின்னதாக வந்தது.

"சும்மா அடையாளத்துக்குத்தான். உள்ள வர்றவங்க எல்லாருக்கும் கட்டறதுதான்" என்றார் மேனேஜர்.

"எதுக்குங்க அடையாளம்? நடக்கறதுக்குங்களா?" பிள்ளையின் கையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "இது எங்க புள்ளைக நடக்கற தடமுங்க. நீங்க மாவரைக்கச் சொன்னீங்க, அரைச்சனுங்க. ஊட்டுல கரண்ட் இல்லாதவ மாதிரி உக்காரச் சொன்னீங்க, உக்காந்தனுங்க. ஒரு பூச்சியப் பாத்ததுக்கு என்ற புள்ளையத் தொரத்துனீங்க, அதுக்கும் செரின்னு சொன்னனுங்க. இத்தன பேரும் என்னையச் செரி சொல்லச் சொல்றாங்க. நானு சொல்லலீங்க."

"கோகிலா, எல்லாரும் பார்க்கறாங்க."

"பாக்கட்டுமுங்க. தினமும் என்னையத்தான பாக்கறாங்க."

நாச்சிமுத்து, "ஏ புள்ள, பெரியவங்க பேசி முடிச்சது" என்று முன்னால் வந்தார். கோகிலா அவரைப் பார்க்கவில்லை, பார்த்தால் வாய் அடைத்துவிடும் என்று தெரியும். பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்குள் நுழையாமல், பண்ணை வேலியை ஒட்டி, வெளிப்பக்கமாக நடந்தாள். அங்கே தடம் இல்லை. கரடு வரை புறம்போக்கு, முழுக்க வேலிக்காத்தான் முள். செருப்பைத் தர்ஷிகாவுக்குப் போட்டுவிட்டாள், அது அவள் காலுக்குப் படகுபோல இருந்தது. தான் வெறுங்காலோடு முள்ளை மிதித்து, ஒதுக்கி, மிதித்து, ஒதுக்கி முன்னால் போனாள். அவள் மிதித்த இடத்தில் பிள்ளை மிதித்தது. பிள்ளை மிதித்த இடத்தில் இட்டேரி வந்து படுத்தது, மண் பரப்பியது, இரு பக்கமும் வேலியை நிமிர்த்தி விட்டது.

பெரியவர்கள் கேட்டிலேயே நின்றார்கள். சாப்பாட்டு வாசம் உள்ளேயிருந்து வந்தது. ஆனால் குழந்தைகள் ஏற்கனவே இட்டேரிக்குள் இருந்தார்கள், இட்டேரி போகிற பக்கம்தான் அவர்களும் போனார்கள். அம்மா அம்மா என்று ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. தாய்மார் கொஞ்ச நேரம் பார்த்தார்கள். பிள்ளைகள் இல்லாமல் எங்கே போய் உட்கார்ந்து தின்பது. ஒருத்தி போனாள், இன்னொருத்தி போனாள், கரும்புக் கட்டைத் தோளில் மாற்றிக்கொண்டு நாச்சிமுத்துவின் சம்சாரமும் போனாள், போகும்போது புருஷனை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள். மேனேஜர் பேனருக்குக் கீழே நின்று அவர்களின் பேரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டார், அத்தனை பேரும் அவரிடம் வேலை பார்க்கிறவர்கள், அத்தனை பேர் பேரும் அவருக்குத் தெரிந்திருந்தது. கடைசியில் அவரும் இட்டேரிக்குள் காலை வைத்தார். அவர் காலுக்கடியில் அது புறம்போக்காகவே இருந்தது, முள் குத்தி, வைத்த காலை எடுத்துக்கொண்டார்.

வசந்தாமணி மட்டும் வழி முழுக்கத் திட்டிக்கொண்டே வந்தாள். கரட்டில் ஆவாரம் மஞ்சளாகக் கொட்டிக் கிடந்தது, பிள்ளைகள் மடி மடியாகப் பறித்தார்கள், தர்ஷிகா பறித்ததைவிட உதிர்த்தது அதிகம். கும்மிக்குப் பெண்கள் வட்டம் கட்டினார்கள். கோகிலா வட்டத்துக்குப் போகவில்லை, ஒரு பாறையில் உட்கார்ந்திருந்தாள், இரண்டு பாதமும் ரத்தமாக இருந்தது. வசந்தாமணி வந்து எதிரில் உட்கார்ந்து, கேட்காமலே ஒரு காலை இழுத்துத் தன் மடியில் வைத்து, தாலிக்கயிற்றில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றினாள்.

"நாளைக்கு யாரு ஊட்டுக்கு வேலைக்குப் போவ?"

"தெரியலக்கா."

"தெரியலயாம். வாயத் தொறந்தவ அதையும் ரோசிச்சுத் தொறக்கோணுமல்லோ. நானு மவளுக்கு என்ன சொல்லுவேன்? இட்டேரி கரட்டுக்குப் போயிருச்சு சாமி, நீ காலேசு போவாதன்னு சொல்றதா?"

"பேசாம இருக்கோணும்னுதானக்கா இருந்தன்."

"இருந்திருக்கலாமல்லோ." ஒரு முள்ளை எடுத்துக் கல்லில் துடைத்தாள். "அங்கிட்டு பாரு, என்ற மவன் பெத்த பேத்திய. ஒரு எடத்துல நிக்கமாட்டீங்குது."

கீழே பண்ணை தெரிந்தது. இரண்டு கேட்டும் திறந்தே கிடந்தன, நடுவில் வெளிறிய பட்டையாய் அந்த இடம். மேனேஜர் இரண்டு ஆட்களை வைத்துப் பேனரைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"கோவமா இருக்கீங்களாக்கா?"

"இருக்காதா பின்ன?"

"யாரு மேலக்கா?"

வசந்தாமணி ஊக்கைப் பிடித்த கையோடு கீழே பார்த்தாள். பண்ணையைப் பார்த்தாள், ஊரைப் பார்த்தாள், தலைவர் தனியாக நின்றுகொண்டிருந்த கேட்டைப் பார்த்தாள். அப்புறம் கோகிலாவின் பாதத்தை இன்னும் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

"கால ஆட்டாத" என்றாள். "இது நெம்ப உள்ளாற போயிருக்குது."